ஒரு நொடி வேலை

சிக்கிக்கொண்ட எதைப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது, ஐயா. மேசை இழுப்பறை, மாத்திரை டப்பா மூடி, எதுவானாலும் வீட்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இப்போதெல்லாம் கூப்பிடுவதில்லை. உடைந்துபோகிறது என்கிறாள் மனைவி.

இருபத்திரண்டு வருடமாகக் குழந்தை மருத்துவன். நான் விருது வாங்கும் படம் காத்திருப்பு அறையில் மூன்று கோணத்தில் மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். ஆண் குழந்தை காய்ச்சலுக்கு வந்தாலும் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் பார்த்துவிடுவேன். ஒட்டியிருந்தால் பிரித்துவிடுவேன். ஒரு நொடி வேலை. குழந்தை வீறிடும், கொஞ்சம் இரத்தம் வரும். சிலதுக்குப் புண் ஆறி, தழும்பு இறுகி, சிறுநீர் போக முடியாமல் திரும்பி வரும். அப்போது தோலையே நீக்கும் அறுவையையும் நானே செய்வேன். பாதியில் கைகழுவினேன் என்று யாரும் சொல்ல முடியாது.

சிஸ்டர்தான் ஆரம்பித்தாள். பதினோரு வருடம் என் பக்கத்தில் நின்று குழந்தைகளின் காலைப் பிடித்தவள்.

“சின்னக் குழந்தைக்கு அது ஒட்டித்தான் இருக்கும் டாக்டர். வளர வளரத் தானா விலகிடும். புத்தகத்துலயே போட்டிருக்கு.”

“புத்தகம் எழுதுனவரு என் ஓ.பி. கூட்டத்தைப் பாத்தாரா சிஸ்டர்? தானா விலகுற வரைக்கும் வாசல்ல உக்காரச் சொல்லவா?”

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மறுவாரம் ஒரு மதியம், கட்டுப்போடும் அறையில் அவள் கையில் ஒரு தாள். மருத்துவ கவுன்சிலுக்கு என் மேல் புகார். பத்தொன்பது குழந்தைகள், தேதிவாரியாக. என்னைக் கண்டதும் கசக்கிக் கையை இறுக மூடிக்கொண்டாள். கேட்டேன், பணிவாகத்தான். தரவில்லை. கதவைத் தாழிட்டேன்.

மூடிய கையைச் சுண்டுவிரலிலிருந்து திறக்க வேண்டும். பின்னுக்கு வளைத்தேன். ஊசி மருந்துக் குப்பியின் கழுத்தை ஒடிப்போமே, அந்தச் சத்தம். அடுத்ததும் அப்படியே.

“விடுங்க டாக்டர், நானே திறக்கறேன், இது வெறும்...” என்றாள்.

வேலையைத் தொடங்கிவிட்டால், கத்துகிறார்கள் என்று நிறுத்தும் பழக்கம் எனக்கில்லை. நடுவிரலில் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தது. நாலாவது விரலும் ஒடிந்தது. கட்டைவிரல் மட்டும் தானாகவே தளர்ந்தது. மயங்கியிருந்தாள்.

தாள் வெறும் நகல். அசல் காலைத் தபாலிலேயே போய்விட்டதாம். முன்பே சொல்லியிருக்கலாம்.

நாலு விரலையும் ஒடித்தது நான்தான், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பலவந்தமாக’ என்ற சொல் மட்டும் வேண்டாம். எதையும் பலவந்தமாகத் திறப்பவன் அல்ல நான்.

விரல்கள் இன்னும் மடங்கவில்லை என்று அழுகிறாளாம். அவளுக்கு என்ன அவசரம்? நாளாக நாளாக அதெல்லாம் தானாக மடங்கும். பொறுக்க முடியவில்லை என்றால் அழைத்து வாருங்கள், நானே மடக்கிவிடுகிறேன். ஒரு நொடி வேலை.