மேற்கே நீண்ட ஓடுதளம்

அவையின் நடுவே அழகுற வீற்றிருக்கும் நிலையத் தலைவர் அவர்களே, இந்தப் புதிய முனையத்தை வரைந்தும் வளர்த்தும் எழுப்பி நிறுத்தியிருக்கும் பொறியாளர்களே, விமானம் இறங்குமுன் விளக்கேற்றி, ஏறிய பின் தரை துடைத்து, ஊர் போர்த்திப் படுத்திருக்கும் வேளையிலும் இமைகொட்டாமல் இருக்கும் நிலையத் தோழர்களே, பெற்ற பிள்ளையை வழியனுப்பிவிட்டுக் கண்ணாடிக் கதவில் கைவைத்து நின்ற தாய்மார்களே, அந்தத் தாய்மாருக்குப் பின்னால் நின்று கண்ணில் தூசி விழுந்ததாகச் சொன்ன தந்தைமார்களே, முன்வரிசையை மேன்மைப்படுத்தும் முதியோர்களே, உட்கார இடமில்லாமல் தூணுக்குத் துணையாக நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவரின் அன்புக்கும் என் வணக்கம் உரியது.

என் முகம் உங்களில் பலருக்குப் புதிது. என் குரல் பழையது. பயணிகளின் கனிவான கவனத்துக்கு என்று இந்த நிலையத்தில் காலையும் மாலையும் காதோடு வந்து சொன்ன குரல் என்னுடையது. அதோ, தூணருகே ஒரு தம்பி சிரிக்கிறார். ஆமாம் தம்பி, உங்கள் விமானம் தாமதம் என்று சொன்னவளும் நான்தான். தாமதம் செய்தவள் நானல்ல. சொன்னவள் மட்டுமே நான். அந்தப் பழியை இன்றோடு இறக்கிவைக்கிறேன்.

இந்த நிலையத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று என்னை அழைத்தார்கள். எத்தனை கட்டடம், எத்தனை வாயில் என்பதையெல்லாம் வாசலில் பலகையிலே எழுதியிருக்கிறார்கள், படித்துக்கொள்ளலாம். நான் சொல்லப்போவது பலகையில் இல்லாத வரலாறு. அது ஒரு பெண்ணின் கோபத்தைப் பற்றியது. ஒரு மனிதரின் மௌனத்தைப் பற்றியது. அந்தப் பெண் என் தாய்.

கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இந்தக் கண்ணாடியை எடுத்துவிடுங்கள். இந்தத் தார் ஓடுதளத்தை எடுத்துவிடுங்கள். என்ன மிஞ்சுகிறது? சதுப்பு மிஞ்சுகிறது. கால் வைத்தால் கணுக்கால் வரை விழுங்கும் கருஞ்சதுப்பு. அதன்மேல் நீர்ப்பறவைகள், நீர்ப்பறவைகளின்மேல் மூடுபனி. அந்தச் சதுப்பின் நடுவே, நீளவாக்கில் படுத்துறங்கும் ஓர் உயிரின் முதுகைப்போல, ஒரு கெட்டித் தரை. ஊர் மருத்துவமனையின் சலவைக்கூடம் அதன் ஓரத்தில் இருந்தது. என் அம்மா அந்தச் சலவைக்கூடத்துக்குத் தலைவி. கொதிகலனில் வெந்து, நீலத்தில் நனைந்து, கஞ்சியில் விறைத்த படுக்கை விரிப்புகளை அம்மாவும் அவர் கூட்டமும் அந்தக் கெட்டித் தரையில் கம்பம் நட்டு, கொடி கட்டி உலர்த்துவார்கள். வரிசை வரிசையாக வெண்மை. காற்று வந்தால் அத்தனை விரிப்பும் ஒரே மூச்சில் நிறையும். காற்று போனால் ஒரே பெருமூச்சில் தொங்கும். அவற்றுக்கிடையே ஓடி விளையாடியவள் நான். மேகத்துக்குள் வளர்ந்த பெண் என்று என்னைச் சொன்னால் அது மிகையல்ல.

ஒரு பிற்பகல், மூடுபனி ஊர்மேல் இறங்கிக்கொண்டிருந்தது. மேலே ஓர் உறுமல். போகிறது, வருகிறது, மறுபடி போகிறது. வேறு ஊருக்கு மருந்து ஏற்றிச் சென்ற சிறு விமானம் ஒன்று, இயந்திரம் இருமிக்கொண்டு, இறங்க இடம் தெரியாமல் சுற்றுகிறது. என் அம்மா அண்ணாந்து பார்த்தார். விமானத்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தவிப்பைக் கண்டால் அவருக்குத் தெரியும்.

"அடியே, கம்பத்தையெல்லாம் பிடுங்குங்க. விரிப்ப ரெண்டு ஓரத்துலயும் தரையில போடுங்க. நடுவுல யாரும் நிக்காதீங்க" என்றார்.

"ஈரம் காயலியே அக்கா, மண்ணாயிடுமே" என்றாள் ஒருத்தி.

"மண்ணானா துவைக்கலாம். ஆளு போனா என்ன பண்ணுவ?"

ஓடினார்கள். பிடுங்கினார்கள். விரித்தார்கள். சாம்பல் நிறச் சதுப்பின் நடுவே இரண்டு வெள்ளைக் கோடுகள். பனியைக் கிழித்துக்கொண்டு விமானம் இறங்கியது. இறங்கியது என்பதைவிட, தூக்கத்தில் கைநழுவும் பொம்மையைப்போல விழுந்து, உருண்டு, நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஒரு நெட்டை மனிதர் இறங்கி வந்தார். அவருடைய சக்கரம் ஒரு விரிப்பின்மேல் ஏறிக் கறுப்புக் கோடு போட்டிருந்தது. அம்மா அந்த விரிப்பைத்தான் முதலில் பார்த்தார்.

"இந்தக் கறைய யாரு எடுக்கறது?"

"நானே எடுக்கறேன் அக்கா" என்றார் அவர்.

எடுத்தார். அன்று மாலையே சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு சலவைக்கல்லில் நின்று எடுத்தார். கறை போகவில்லை, ஆனால் அவர் ஊருக்குள் வந்துவிட்டார். பால் கொண்டு வருகிறவர் பால்காரர். தபால் கொண்டு வருகிறவர் தபால்காரர். மேகத்திலிருந்து வந்தவரை ஊர் என்ன சொல்லும்? மேகக்காரர் என்றது. எனக்கு அவர் மேகக்கார மாமா.

பிறகு வாரந்தோறும் வந்தார். மருந்து வந்தது, தபால் வந்தது. தகரக் கொட்டகை ஒன்று எழுந்தது. அதுதான் நம் முதல் முனையம். காற்றின் திசை காட்டும் முதல் துணிப்பை, என் அம்மா இரண்டு தலையணை உறைகளை ஒட்டித் தைத்தது. பயணிகள் வரத் தொடங்கியபோது அவர்களைப் பெட்டியோடு நிறுத்தி எடை பார்க்க, அழுக்கு மூட்டை நிறுக்கும் சலவைக்கூடத் தராசே போதுமானதாக இருந்தது. ஓர் அம்மாள் எடை குறையட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அதில் நின்றார். மேகக்காரர் பணிவாகச் சொன்னார்: "மூச்ச விடுங்கம்மா. மேல போய்ச் சேர்றவரைக்கும் பிடிச்சுக்க முடியாது." முன்வரிசையில் ஒரு பெரியவர் தலையாட்டுகிறார். அந்த அம்மாள் உங்கள் வீட்டாரா ஐயா? சரி, சரி, மேலே கேட்கவில்லை.

அந்நாளில் மேகக்காரர் என் அம்மாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். கொட்டகை வாசலில் நின்று சொன்னார்: "இது எவ்வளவு பெரிசானாலும் உங்க கொடி இங்கதான் இருக்கும் அக்கா. ஓரமா ஒரு துண்டு நிலம் உங்களுக்கு."

வளர்ந்தது நிலையம். விமானத் துறையிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். தார் ஓடுதளம் வரப்போகிறது என்றார்கள், ஊர் மகிழ்ந்தது. கெட்டித் தரை முழுவதும் வேண்டும் என்றார்கள், ஊர் யோசிக்கவில்லை. கூட்டம் நடந்தது. சலவைக்கூடம் காலி செய்யப்படும் என்று வாசித்தார்கள். என் அம்மா மேகக்காரரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார். நிலையத்தின் பொறுப்பு அவருக்குத்தான் என்று அதே கூட்டத்தில் அறிவித்தார்கள். அவர் ஒரு சொல் சொல்லவில்லை.

சலவைக்கூடம் மருத்துவமனையின் அடித்தளத்துக்குப் போனது. வெயிலுக்குப் பதில் நீராவி. காற்றுக்குப் பதில் விசிறி. அம்மாவின் கூட்டத்தில் பாதிப் பேருக்கு வேலையில்லை. பிழைப்புத் தேடி வேறு ஊர்களுக்குப் போனார்கள். போனவர்கள் இங்கிருந்து பறந்த விமானங்களில் ஏறிப் போனார்களா என்றால், இல்லை, பேருந்தில் போனார்கள். அன்றிலிருந்து என் அம்மா மேகக்காரரோடு பேசவில்லை. விமானச் சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துவார். வானத்தை அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அந்த வீட்டிலிருந்து நான் இந்த நிலையத்துக்கு அறிவிப்பாளராக வந்தேன். எப்படி விட்டார் என்று கேட்பீர்கள். "வேலைக்குப் போ. வேண்டாங்கல. ஆனா அந்த இடத்துப் பேச்சு வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்றார். வரவில்லை.

நான் கண்ட வளர்ச்சியை என்னவென்று சொல்வேன்! தகரம் போய்ச் செங்கல் வந்தது. செங்கல் போய்க் கண்ணாடி வந்தது. பெட்டிகள் தாமாக ஊர்ந்து வரும் பட்டை வந்த நாளில், தம் பெட்டியை எடுக்காமல் இன்னொரு சுற்று வரட்டும் என்று வேடிக்கை பார்த்தவர்கள் நீங்கள், நான் பார்த்தேன். விடியற்காலையில் காத்திருப்புக் கூடத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, யாரென்றே தெரியாதவர் மடியில் யாருடைய குழந்தையோ உறங்க, கண்ணாடிக்கு வெளியே பால் நிறத்தில் பனி மிதக்க, அதற்குள் விமானங்கள் மீன்களைப்போல மெல்லத் திரும்ப, நான் ஒலிவாங்கியைத் தொடவே தயங்குவேன். கனவு காண்கிறவர்களை எழுப்பி, கனவுக்குள் ஏறச் சொல்லும் வேலை என்னுடையது.

அப்போதுதான் பெரிய விமானங்கள் வரவேண்டும், ஓடுதளத்தை நீட்டவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. கிழக்கே நீட்டினால் தச்சர் தெரு. வாசலுக்கு வாசல் இழைப்புளிச் சத்தமும் மரத்தூள் வாசனையும் நிறைந்த தெரு. மேற்கே நீட்டினால் சதுப்பு. கிழக்கே எளிது, வரைபடம் தயார். மேகக்காரரின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி.

அவர் அன்று மாலை தச்சர் தெரு வழியே நடந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கிழவர் நாற்காலி ஒன்றைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் அடுக்களை வாசலில் நின்றேன்.

"அக்கா, அன்னிக்கு நான் வாயத் திறக்கல" என்றார்.

அம்மா மடிப்பை நிறுத்தவில்லை. "தெரியும்."

"பேசினா வேலைய வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்கன்னு பயந்தேன். அது மனச அறுத்துக்கிட்டே இருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? என் கொடி போனது போனதுதான். சொல்ல வேண்டிய எடம் இது இல்லியே."

அவ்வளவுதான். தண்ணீர் வேண்டுமா என்றுகூட அம்மா கேட்கவில்லை. நான்தான் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் கூட்டம். நானும் இருந்தேன். அதிகாரி வரைபடத்தை விரித்துக் கிழக்கே கோலை வைத்தார். மேகக்காரர் எழுந்தார்.

"மேற்கே போங்க" என்றார்.

"அது சதுப்பு சார். நிரப்பி முடிக்கப் பல வருஷம் ஆகும். நீங்க ஓய்வு பெற்றுப் போயிடுவீங்க."

"போயிட்டுப் போறேன். ஓடுதளம் இருக்கும்ல."

"துறை ஒத்துக்காது."

"அப்ப நான் ஒத்துக்கலன்னு எழுதிக்கோங்க. அந்தத் தெருவ எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன்."

துறை என்ன செய்தது? ஒரு வாரத்தில் அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கியது. எந்த நாற்காலிக்காக ஒருநாள் மௌனமாக இருந்தாரோ, அந்த நாற்காலியைப் பேசி இழந்தார். ஆனால் அந்தப் பேச்சு ஊருக்குள் இறங்கியது. தச்சர் தெரு எழுந்தது. அடித்தளத்துச் சலவைப் பெண்கள் எழுந்தார்கள். மருத்துவர்கள் வந்தார்கள், வண்டிக்காரர்கள் வந்தார்கள், என் ஒலிவாங்கி அறையிலிருந்து நானும் வந்தேன். கேட்டோம், மறுத்தார்கள். மறுபடி கேட்டோம், மழுப்பினார்கள். ஓயாமல் கேட்டோம், ஒத்துக்கொண்டார்கள். மேற்கே கல் கொட்டினார்கள், சதுப்பு விழுங்கியது. மறுபடி கொட்டினார்கள், மறுபடி விழுங்கியது. பறவைகள் தள்ளிப்போய் அமர்ந்து பொறுமையாகப் பார்த்தன. வருடங்கள் கரைந்து, கடைசியில் தரை நின்றது.

அந்த ஓடுதளம் திறந்த நாளில் மேடை போட்டார்கள். மேகக்காரருக்கு மேடையில் இடமில்லை. அவர் கூட்டத்தின் கடைசி வரிசையில், ஒரு நீண்ட பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்றும் இந்தப் பக்கம் வராத என் அம்மா அன்று வந்தார். நான் அழைக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே நடந்து, அவர் முன்னால் போய் நின்றார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி" என்றார்.

அவர் தள்ளி உட்கார்ந்தார். அம்மா பக்கத்தில் அமர்ந்தார். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் சொன்னதாக நான் கேட்கவில்லை. மேற்கு வானம் பழுத்திருந்தது. பனிக்குள்ளிருந்து முதல் பெரிய விமானம், சத்தமே இல்லாததுபோல, ஒளி மட்டும் நடந்து வருவதுபோல வந்தது. என் தாய் அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருடமாகச் சாத்தியிருந்த ஒரு முகம் திறந்ததை நான் கண்டேன்.

"அழகாத்தான் இருக்கு" என்றார் அம்மா.

மேகக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவையோரே, இருவரும் இன்று இல்லை. இந்த நிலையம் இருக்கிறது. நாட்டில் பெரிய நிலையம் எது என்று கேட்டால் வேறு பெயர்களைச் சொல்வார்கள். ஒரு தெருவை இழக்கக் கூடாது என்பதற்காகச் சதுப்போடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய நிலையம் எது என்று கேட்டால்? நம்முடையது என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுங்கள். உயரப் பறப்பது பெருமைதான். யார் கூரையையும் பிரிக்காமல் பறந்தோம் என்பது அதைவிடப் பெருமை.

இந்தப் பெருமையோடு ஒரு கேள்வி கேட்டுவிட்டு முடிக்கிறேன். பக்கச் சுவரில் அடுத்த கட்ட விரிவாக்கத்தின் வரைபடம் மாட்டியிருக்கிறது. அழகான படம். அதில் வடக்கே வண்டி நிறுத்துமிடம் என்று பச்சை வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். தலைவர் அவர்களே, அந்தப் பச்சைக்குக் கீழே தையல்காரர் குடியிருப்பு இருக்கிறது. அந்த மக்கள் இதோ இடப்பக்கம் அமர்ந்திருக்கிறார்கள். கைதட்ட வந்தவர்கள், காலையிலிருந்து ஒருவரும் கைதட்டவில்லை. அவர்களுக்கு என்ன பதில்?

தலைவர் என்னை அருகே அழைக்கிறார். ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் காதில் சொல்லிவிட்டார். நல்ல சொல்தான். ஆனால் தலைவர் அவர்களே, என் காதில் சொன்னது எனக்கு மட்டும்தான் கேட்கும். இதோ ஒலிவாங்கி. நீங்களே சொல்லுங்கள்.

கேட்டீர்களா? "குடியிருப்ப எடுக்க மாட்டோம். வண்டி நிறுத்தத்தக் கட்டடத்துக்கு அடியில கொண்டு போறோம்." ஊரறியச் சொல்லியிருக்கிறார். இப்போது இடப்பக்கத்திலிருந்து வருகிறதே ஓர் ஓசை, இந்தக் கைதட்டலுக்கு முன்னால் எந்த விமானத்தின் முழக்கமும் எனக்குப் பெரிதல்ல.

துணிந்து சொன்ன தலைவருக்கு நன்றி. வயதானவளின் நீண்ட பேச்சைத் தாமதம் என்று கருதாமல் பொறுத்த உங்களுக்கு நன்றி. வருகிறவர்களுக்கு வாசல் திறந்திருக்கட்டும், இருக்கிறவர்களுக்கு வீடு நிலைத்திருக்கட்டும் என்று வாழ்த்தி, உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்கி அமர்கிறேன்.