மேசைக்குக் கீழே ஒரு லோரி

குகன்: ...அதான் கேக்கறேன், அக்கா. ஆறு வருஷமா இதே கம்ப்யூட்டர், இதே ஃபேன். இத்தன நாள் இல்லாத சத்தம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?

அமுதவள்ளி: முகத்த இந்தப் பக்கம் திருப்பிப் பேசு, குகா. குனிஞ்சுகிட்டுப் பேசுனா உதடு எனக்கு எப்படித் தெரியும்?

குகன்: சத்தம். சத்தம் இருக்குன்னு யாரு சொன்னா? உனக்குத்தான் வாசல் மணியே கேக்காதே.

அமுதவள்ளி: மீட்டிங்ல சொல்றாங்க. கான்ட்ராக்டர் கிரிதரன் இல்ல, அவரு கேட்டாராம், உங்க வீட்டுக்குள்ள லோரி ஓடுதான்னு. திரையில எழுத்து ஓடுமே, அதுல படிச்சேன். வெக்கமாப் போச்சு.

குகன்: லோரியாம்... சரி, அத விடு. மிஷின் அணைஞ்சு போகுதுன்னு மெசேஜ் போட்டியே, அது?

அமுதவள்ளி: அது சூடு. ஒரு வீட்டோட படத்த வெளிச்சம், நெழல் எல்லாம் சேத்து முழுசா எடுக்க விட்டா, பாதியிலயே தானா அணைஞ்சிருது. திரும்பவும் மொதல்லேருந்து. அவருக்கு நாளைக்கு அந்தப் படம் வேணும்.

குகன்: ரெண்டு கூலர் கொண்டு வந்திருக்கேன். ஒண்ண மாட்டிட்டு இன்னொண்ணத் திருப்பிக் குடுத்துடலாம், கடைக்காரன் சரின்னுட்டான். சீக்கிரம் சொல்லு. பிரிக்பீல்ட்ஸ்ல ஞாயித்துக்கிழம பார்க்கிங் கெடைக்குமா... சாரிக் கடை முன்னாடி நிறுத்திட்டு வந்திருக்கேன், சம்மன் போட்டுருவான்.

அமுதவள்ளி: வந்ததுலேருந்து சீக்கிரம், சீக்கிரம். உக்காரக்கூட இல்ல நீ.

குகன்: மகனுக்கு டியூஷன்... மேருவுல வீடு போயி சேரவே நேரம் ஆகும். இந்தா, இதப் பாரு. தண்ணி கூலர். ட்யூபுல தண்ணி ஓடி சூட்ட வெளிய கொண்டு போகும். லைட்டும் எரியும். நீலம், பச்ச...

அமுதவள்ளி: தீபாவளிக்கு வாசல்ல மாட்டறதா?

குகன்: கிண்டல் பண்ணாத. கடையில இதத்தான் பெஸ்ட்னு சொன்னான்.

அமுதவள்ளி: இதுல பம்ப் இருக்கில்ல. ஃபேன் நின்னாலும் பம்ப் ஓடிகிட்டேதான இருக்கும்? சிலதுல ங்ங்னு ஒரு சத்தம் விடாம வருமாம். படிச்சேன். அது வேணாம், இன்னொண்ணக் காட்டு.

குகன்: இது வெறும் காத்துக் கூலர். கட்டடம் மாதிரி நிக்கும், பாரு. உனக்கு இவ்வளவு பெருசு எதுக்கு?

அமுதவள்ளி: பெரிய ஃபேன் மெதுவா சுத்துனாலே போதும். இப்ப இருக்கிறது உள்ளங்கை அளவு. சூட்டத் தள்ளணும்னா தலதெறிக்க சுத்தணும், அதான் கத்துது.

குகன்: கத்துதுன்னு கிரிதரன் சொன்னாரு.

அமுதவள்ளி: ...ஆமா. அவருதான் சொன்னாரு. இதையே மாட்டு.

குகன்: கேசிங் மூடாதுக்கா. இடிக்கும்.

அமுதவள்ளி: மூடும். அளந்து பாத்துட்டுத்தான் உனக்குப் பேரு அனுப்புனேன். ஒரு விரல் எடம் மிச்சமிருக்கும். வீட்டுப் படம் வரையறவளுக்கு ஒரு பொட்டிய அளக்கத் தெரியாதா?

குகன்: சரிலா, சரி. இரு, வயர எல்லாம் பிடுங்கறேன்... அப்பப்பா, மேசைக்குக் கீழ என்ன தூசி... ஒரு டீ குடிச்சா நல்லா இருக்கும்...

அமுதவள்ளி: டீ போடவா?

குகன்: என்ன சொன்ன?

அமுதவள்ளி: டீ போடவான்னு கேட்டேன்.

குகன்: நானும் இப்ப அதத்தான் நெனச்சேன்... வேணாம், வேணாம். நேரமாச்சு. பழச கழட்டிட்டேன், பாரு. பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆயிருச்சு. இது காஞ்சா ப்ராசசர் சூடு கூலருக்கு எப்படி ஏறும்? அணைஞ்சு போகாம என்ன பண்ணும்?

அமுதவள்ளி: நல்லாத் தொடைச்சுட்டு புதுசு வை. கொஞ்சமா, பட்டாணி அளவு.

குகன்: தெரியும்லா... அய்ய, விரலெல்லாம் ஒட்டுது. இந்த நேரம் பாத்து போனு. லோகா. அக்கா, போன எடு. போன். அந்தப் பச்சய அமுக்கு. இப்ப ஸ்பீக்கர்... ஸ்பீக்கர் படம் போட்டிருக்கும் பாரு, அது. ஆங். அப்படியே என் பக்கமாப் பிடிச்சுக்க. சொல்லு, லோகா.

லோகேஸ்வரி: என்னங்க, சொல்லிட்டீங்களா?

குகன்: இன்னும் இல்ல.

லோகேஸ்வரி: அண்ணி பக்கத்துல இருக்காங்களா?

குகன்: போனப் பிடிச்சுகிட்டு நிக்கறதே அவதான். கேக்காது, நீ பேசு. கையெல்லாம் பேஸ்ட் எனக்கு.

லோகேஸ்வரி: எனக்கு ஒரு மாதிரி இருக்குங்க. பின் ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு, கட்டில் வந்தாச்சு, சனிக்கிழமைக்கு லோரிக்கும் சொல்லியாச்சு. வரப்போற ஆளுக்குத்தான் ஒண்ணும் தெரியாது.

குகன்: சொன்னா வரமாட்டா. அவளப் பத்தி உனக்குத் தெரியாது. லோரி வந்து நின்னுருச்சுன்னா வேற வழியில்லாம வருவா. ரெண்டு நாள் அழுவா, அப்புறம் சரியாயிரும்.

லோகேஸ்வரி: அவங்க வேல?

குகன்: போதும்லா. எத்தன வருஷம் ஒத்தையில உக்காந்து கோடு போடறது. ஓய்வா இருக்கட்டும். இந்த மிஷினையும் அங்க வைக்க எடமில்ல. மகன் கேம் ஆடக் கேட்டுகிட்டே இருக்கான், அவனுக்குக் குடுத்துடலாம்.

லோகேஸ்வரி: அப்புறம் எதுக்குங்க இன்னிக்குப் போயி கூலர் மாட்டறீங்க?

குகன்: கேட்டுட்டா... மாட்டேன்னு சொல்ல வாய் வரல.

லோகேஸ்வரி: இதுக்கு மட்டும் வாய் வரல உங்களுக்கு. ஒரு ஆளோட வீட்ட அவங்களக் கேக்காம காலி பண்றது நியாயமில்ல. அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். அவங்க முகத்தப் பாத்து சொல்லிட்டு வாங்க. இன்னொண்ணு, வீட்டுக்கார இராஜம்மா ஆன்டி போனே எடுக்க மாட்டேங்கறாங்க. சாவிய என்னைக்குக் குடுக்கறதுன்னு கேக்கணும், நானும் காலையிலேருந்து அடிச்சுப் பாக்கறேன்.

குகன்: கோயிலுக்குப் போயிருப்பாங்க. நான் பாத்துக்கறேன், வை. அக்கா, போதும்... அந்தச் செவப்ப அமுக்கு. ஆங்.

அமுதவள்ளி: லோகேஸ்வரி என்ன சொல்றா?

குகன்: ஒண்ணுமில்ல. டியூஷனுக்கு நேரமாச்சாம். உன்ன விசாரிச்சா.

அமுதவள்ளி: விசாரிச்சாளா... வேற?

குகன்: வேற ஒண்ணுமில்ல. அந்தத் திருகாணிய எடு.

அமுதவள்ளி: இந்தா. எங்கிட்ட எதாச்சும் சொல்லணுமா, குகா?

குகன்: இல்லியே. ஏன்?

அமுதவள்ளி: சும்மா கேட்டேன். திருகாணி கீழ விழுந்துருச்சு, பாரு.

குகன்: சின்ன திருகாணிக்கா... பிடிபட மாட்டேங்குது. இந்த மூல ஒரு சுத்து, எதிர் மூல ஒரு சுத்து... ஆச்சு. ஃபேன் வயரு இங்க. கேசிங் மூடுதா பாப்போம்... மூடுது. நீ சொன்ன மாதிரியே ஒரு விரல் எடம்.

அமுதவள்ளி: ஸ்விட்சப் போடு.

குகன்: போட்டாச்சு. லைட் எரியுது. உன் வீட்டுப் படத்த ஓட விடு... சூடு ஏறுது, ஏறுது... இதுக்கு மேல ஏறல. முன்னாடி கொதிக்கும், இப்ப பாதிதூரம்தான். கேட்டியா, ஓடுதா இல்லையான்னே தெரியல. உனக்கு எங்க தெரியப்போகுது... நான் இந்தப் பொட்டியெல்லாம் கட்டி வைக்கறேன்.

அமுதவள்ளி: ம்.

குகன்: இன்னிக்கு மாட்டி... சனிக்கிழம பிடுங்கி... எப்படிக்கா உங்கிட்ட சொல்லப் போறேன் நான்...

அமுதவள்ளி: இந்தப் பக்கம் திரும்பி சொல்லு. அவ்வளவுதான்.

குகன்: நீ... இப்ப என்ன சொன்ன?

அமுதவள்ளி: நீ கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.

குகன்: நான் சுவத்தப் பாத்துகிட்டில்ல இருந்தேன்...

அமுதவள்ளி: ஆமா. இரு, முடிய ஒதுக்கறேன். பாரு. இந்தக் காதுல ஒண்ணு, அந்தக் காதுல ஒண்ணு.

குகன்: காது மிஷின்... அக்கா, வேணவே வேணாம்னு நீதான எத்தன வருஷமா பிடிவாதம்... எப்ப போட்ட?

அமுதவள்ளி: போன மாசம். கடையிலேருந்து போட்டுகிட்டே வந்தேன். ரோட்டுல ஒரே இரைச்சல், மோனோரயில் வேற. வீட்டுக்குள்ள போயிட்டா நிம்மதின்னு கதவத் தெறந்தா, உள்ள லோரி நிக்குது. பயந்து போயி வெளிய வந்துட்டேன். அப்புறந்தான் புரிஞ்சுது, மேசைக்குக் கீழ இந்த மிஷினு. இது பக்கத்துலதான் ஆறு வருஷம் உக்காந்திருந்திருக்கேன். கிரிதரன் பாவம், அவரு ஒண்ணும் சொல்லல.

குகன்: அப்ப... லோகா பேசுனது...

அமுதவள்ளி: எல்லாம் கேட்டுச்சு. அவ குரல் இப்படி இருக்கும்னு இன்னிக்குத்தான் தெரியும் எனக்கு. நல்ல பொண்ணுடா. நீ அவ சொல்றதக் கேட்டிருக்கலாம்.

குகன்: போனக் கையில பிடிச்சுகிட்டே நின்னியே... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

அமுதவள்ளி: நீ சொல்றியான்னு பாத்தேன். போன தடவ நீ வந்தப்ப, சோறு போடறப்ப காதக் காட்டி உன்ன அசத்தலாம்னு இருந்தேன். நீ அடுப்படியில போன்ல பேசிகிட்டிருந்த. முதுகக் காட்டிக்கூட இல்ல. என்னப் பாத்து சிரிச்சுகிட்டே பேசுன. மாசக் கடைசியில காலி பண்ணிருவோம், ஆன்டி, அக்காவுக்கு நான் சொல்லிக்கறேன்னு. நான் மீன எடுத்து உன் தட்டுல வச்சுகிட்டிருந்தேன்.

குகன்: அக்கா...

அமுதவள்ளி: அன்னிக்கு நீ சாப்புட்டுப் போனப்புறம் மிஷின ரெண்டு காதுலேருந்தும் கழட்டி வச்சுட்டேன். மறுநாள் பூரா போடவே இல்ல.

குகன்: நான் கெட்டது நெனச்சு செய்யல. அந்தத் திங்கக்கிழம ஞாபகமிருக்கா? மணி அடிச்சேன், கதவத் தட்டுனேன், மெசேஜ் போட்டேன். உள்ள லைட் எரியுது. வாசல்ல செருப்பு கெடக்குது. நீ வரல. அரமணி நேரம்கா. பக்கத்து வீட்டு நாகையா அங்கிள் வந்து கதவ ஒடைச்சுடலாமான்னு கேட்டாரு. ஒடைச்சா உள்ள என்ன இருக்குமோன்னு... நான் வேணாம், வேணாம்னு நின்னேன். அப்புறம் நீயா குப்பையத் தூக்கிகிட்டு கதவத் தெறக்கற. என்னடா இங்க நிக்கறேன்னு சிரிக்கற. அன்னிக்கு மேருவுக்கு வண்டி ஓட்ட முடியல என்னால. ஷா ஆலாம்ல ஓரமா நிறுத்திட்டு உக்காந்திருந்தேன்.

அமுதவள்ளி: தெரியும்.

குகன்: என்ன தெரியும்? நீதான் சிரிச்சியே.

அமுதவள்ளி: சிரிச்சேன். ஆனா உன் முகத்தப் பாத்தேன். அம்மா போனப்பகூட நீ அப்படி நின்னதில்ல. ஒத்தையில உக்காந்து கோடு போடறவளுக்குக் காது எதுக்குன்னு இருந்தவதான் நான். உன் முகத்தப் பாத்த மறுநாளே டாக்டர்கிட்ட போயி காதக் காட்டுனேன். இவன இன்னொரு தடவ கதவுக்கு வெளிய அப்படி நிக்க விடக்கூடாதுன்னு.

குகன்: ...நானும் அந்த மறுநாள்தான் ஆன்டிக்குப் போன் பண்ணேன்.

அமுதவள்ளி: பயந்தது தப்பில்லடா. எங்கிட்ட வந்து பயமா இருக்குன்னு சொல்லியிருக்கணும். நீ என்னப் பொட்டி படுக்கையோட சேத்து லோரியில ஏத்தப் பாத்த. ரெண்டு நாள் அழுவேன்னு கணக்குப் போட்டிருக்க. இந்த வேலைய விட்டுட்டு அந்த ரூமுல உக்காந்து நான் என்ன பண்ணுவேன்னு ஒரு நாளாச்சும் யோசிச்சியா?

குகன்: இல்ல... யோசிக்கல. உசுரோட இருந்தாப் போதும்னு இருந்துச்சு.

அமுதவள்ளி: உசுரோடதான் இருக்கேன். மணி அடிச்சுப் பாரு, வந்து கதவத் தெறக்கறேன்.

குகன்: லோரி வேணாம்னு இப்பவே சொல்லிடறேன். லோகாகிட்ட நான் பேசறேன்... ஆனா இந்த வீடு, அக்கா. காலி பண்றோம்னு ஆன்டிகிட்ட வாக்குக் குடுத்துட்டேன். இந்நேரம் வேற ஆளுக்குப் பேசி முடிச்சிருப்பாங்க. அதான் போன எடுக்க மாட்டேங்கறாங்களோ என்னமோ. என்ன சொல்லிக் கேக்கறது இப்ப... கால்ல விழுந்தாச்சும்...

அமுதவள்ளி: ஒருத்தர் கால்லயும் விழ வேணாம், வீட்ட வேற யாருக்கும் குடுக்கல. இன்னிக்கு நீங்க யாரு கூப்பிட்டாலும் எடுக்காதீங்க, என் தம்பி மொதல்ல எங்கிட்ட பேசட்டும்னு அவங்ககிட்ட நான்தான் சொல்லி வச்சேன். போன வாரமே போன் பண்ணிட்டேன், குகா. நானே. இத்தன வருஷத்துல போன்ல என் குரலக் கேட்டதே இல்லியா, அவங்க யாரு, யாருன்னு கேட்டுகிட்டே இருந்தாங்க. அந்த வீட்டுல இருக்கறவதான் பேசறேன், காலி பண்ணலன்னு சொன்னேன்.