லாரியில் வந்த மின்சாரக் கார்

அடையாறிலிருந்து தி. நகர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் ஐம்பது வயதைக் கடந்த இரு நண்பர்கள். கண்ணாடி போட்டவர் சத்தமாகச் சொன்னார்:

"சம்பந்தி கண் முன்னாடியே என் காரை லாரியில ஏத்திட்டாங்கடா."

"எலக்ட்ரிக் காரையா? இன்னா ஆச்சு?"

"சம்பந்தியைப் பாண்டிச்சேரிக்குப் பெருமையா அதுல கூட்டிட்டுப் போனேன். வழியில சார்ஜ் குறைஞ்சுடுச்சு. மூணு ஸ்டேஷன் பார்த்தேன். எல்லாம் புது மாதிரி பிளக். என் கார்ல நுழையவே இல்ல."

"வாங்கும்போதே விசாரிக்கலியா?"

"நானா? இனிமே நாடு பூரா என் கார் பிளக்தான்னு அபார்ட்மென்ட் மீட்டிங்ல அரை மணி நேரம் பேசி, பார்க்கிங்ல அதே சார்ஜரை வைக்க வெச்ச அறிவாளிடா! இப்ப அதுல சொருகறது என் கார் ஒண்ணுதான்."

"சம்பந்தி இன்னா சொன்னாரு?"

"லாரி டிரைவர் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, இவ்வளவு உயரத்துலேர்ந்து கடலைப் பார்த்ததே இல்லைன்னாரு."

"வித்துத் தொலையேன்."

"நேத்து ஒருத்தர் பார்க்க வந்தாரு. இது கவர்மென்ட்டே ஆதரவு குடுத்த பிளக்குன்னு கெத்தா சொன்னேன். 'பழைய பிளக், புது பிளக் ரெண்டுக்குமேதான் குடுத்தாங்க சார்'னு சொல்லிட்டு, பெட்ரோல் பைக்ல ஏறிப் போயிட்டாரு."