லைப்ரரி கார்டில் இருந்த பெயர்

"அக்கா, எனக்கு மார்புல கட்டி இருக்காம். லைப்ரரியிலருந்து போன் பண்ணிச் சொல்றாங்க."

பிலிமத்தலாவையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், முன்சீட்டில் இருந்த இளையவள் இப்படிச் சொன்னாள். பக்கத்திலிருந்த அக்கா ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடியும் திறந்தாள்.

"சமையல் புத்தகம் எடுக்கணும்னுதானே என் கார்டை வாங்கிட்டுப் போனீங்க?"

"என் பேர்ல கேக்க வெக்கமா இருந்துச்சு புள்ள. நோய் வருத்தத்தைப் பத்தி எழுதிக் குடுத்தா, ஆஸ்பத்திரி லைப்ரரியில கேட்டுத் தமிழ்ல பதில் எடுத்துத் தருவாங்கன்னு போர்டு போட்டிருந்தாங்க. என்னவாம் பதில்?"

"எல்லாக் கட்டியும் கேன்சர் இல்லையாம். ஆனா டாக்டர்கிட்ட காட்டாம இருக்கக் கூடாதாம்."

"தீபாவளி முடியட்டும், பாப்போம்."

கெட்டம்பேயில் நெரிசலில் பஸ் நகரவே இல்லை. அக்கா கைப்பையின் சிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். ஒருவழியாக ஆஸ்பத்திரி பஸ் ஹோல்ட் நெருங்கியதும் இளையவள் எழுந்து மணியடித்தாள்.

"இங்க ஏன்டி எறங்குற?"

"கட்டி என் பேர்லதானே இருக்கு? நான் காட்டப் போறேன். தொணைக்கு நீங்க வாங்க."