எடை மேடையில் நால்வர்

பால்கோவாவைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து உண்பவர்கள் மீது எனக்கு எப்போதும் சற்று இரக்கம் உண்டு, டாக்டரம்மா. அடுப்பிலிருந்து இறங்கி, இலையில் விழுந்து, உள்ளங்கையில் சூடு தெரியும்போதே உண்ண வேண்டிய பண்டம் அது. ஆறிய பின் அதில் இனிப்பு மட்டும் இருக்கும், பால் இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து, அதே ஊரில் வாழ்க்கைப்பட்டு, எங்கள் பால்கோவாக் கடையின் பின்கட்டில் நாள்தோறும் பால் காய்ச்சுகிற எனக்கு இதைச் சொல்லும் உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

என் தங்கையின் கணவர் விக்னேஸ்வரனுக்குச் சர்க்கரை இப்படி ஏறியது எப்படி என்று அவரிடம் நீங்கள் பலமுறை கேட்டீர்களாம். அவர் ஒவ்வொரு முறையும் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்தாராம். நல்ல மனிதர், யாரையும் காட்டிக்கொடுக்க மாட்டார். ஆகவே, கேட்டதற்கு விடை சொல்ல வெங்கடேஸ்வரியாகிய நானே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறேன். தங்கை மாரீஸ்வரி வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்கிறாள். கதவு சாத்தியே இருக்கட்டும்.

தொடக்கத்திலிருந்து சொல்வதே முறை. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலில் ஒரே முகூர்த்தத்தில் எனக்கும் மாரீஸ்வரிக்கும் திருமணம் நடந்தது. ஒரே மேளம், ஒரே சமையல், ஒரே புகைப்படக்காரர். அவர் நால்வரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார். எடுக்கும் நொடியில் விக்னேஸ்வரன், தம் முகம் சரியாக விழ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில், அரை அடி முன்னால் வந்தார். அவர் அன்றே அகலமானவர். படத்தில் என் கணவர் இருக்கிறார், விக்னேஸ்வரன் இருக்கிறார், மாரீஸ்வரி இருக்கிறாள். விக்னேஸ்வரனின் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு மாலை எட்டிப் பார்க்கிறது. அந்த மாலைக்குள் இருப்பவள் நான்.

எங்கள் இருவரை மட்டும் எடுத்த படங்கள் பிலிம் சுருளின் கடைசியில் இருந்தன. கடைசிப் பகுதியில் வெளிச்சம் பட்டுவிட்டது என்று புகைப்படக்காரர் வருத்தம் தெரிவித்தார். நான் அவரை மன்னித்தேன். விக்னேஸ்வரனையும் மன்னித்தேன். அந்தப் படம் இரு வீட்டுக் கூடத்திலும் மாட்டப்பட்டது. வருகிறவர்கள், "இந்த மாலை ஆரோடதுட்டி?" என்று கேட்பார்கள். நான் காப்பி கொண்டுவருவேன்.

அதன்பின் எத்தனையோ ஊர்களுக்கு நாங்கள் நால்வரும் சென்றோம். அருவி என்றாலும் மலை என்றாலும் மாரீஸ்வரியும் அவள் கணவரும் படத்தில் நிற்பார்கள். படம் எடுப்பவர் என் கணவர். பைகளையும் செருப்புகளையும் காப்பவள் மூத்தவளாகிய நான். குறை சொல்லவில்லை. செருப்பு தொலையாமல் இருப்பதும் முக்கியமே.

இந்த ஆண்டு வெள்ளி விழாவை இரு தம்பதியருக்கும் சேர்த்து ஒரே மண்டபத்தில் கொண்டாடுவது என்று முடிவாயிற்று. அப்போதுதான் மாரீஸ்வரி செல்பேசியில் எதையோ பார்த்துவிட்டு என்னை அழைத்தாள்.

"எக்கா, தண்ணி மேல ஸ்கூட்டர் ஓட்டுதாக. அது சுத்திச் சுத்தித் தண்ணியிலேயே ஹார்ட்டு போடுது. புருசன் பொஞ்சாதி நடுவுல கையை விரிச்சுக்கிட்டு இருக்காக. மேல ட்ரோன் நின்னு படம் புடிக்குது. நாமளும் போவமா? மண்டபத்துல பெருசாப் போடலாம்."

"போவோம்ட்டி" என்றேன். வானத்திலிருந்து எடுக்கும் படத்தில் யாரும் யாருக்கும் முன்னால் வந்து நிற்க முடியாது. என் கணவரும் நானும் ஒரே சட்டத்துக்குள், முழு முகத்தோடு. எனக்கு வேண்டியது அந்த ஒரு படம்தான். அதைவிட அதிகமாக நான் எதையும் விரும்பியதில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

கொல்லத்துக் காயலுக்குச் செங்கோட்டை வழியாக ரயிலில் போவது என்று தீர்மானித்தோம். இராஜபாளையத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஆபித் என்ற இளைஞர் தம்முடைய ட்ரோனுடன் உடன்வரச் சம்மதித்தார். ஸ்கூட்டர்காரரிடம் பதிவு செய்யும் வேலை என்னுடையது. அவர் தொலைபேசியில் ஒரு விதியைச் சொன்னார். ஓட்டுபவர் தவிர இருவர் அமரலாம். அந்த இருவரின் எடையும் சேர்ந்து நூற்று அறுபது கிலோவைத் தாண்டக்கூடாது. கரையில் எடை மேடை இருக்கிறது, இருவரையும் சேர்த்து நிறுத்திப் பார்த்த பிறகே ஏற்றுவோம். "எல்லார்ட்டயும் சொல்லிருங்கம்மா" என்றார். நான் சொல்ல மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்பது அவ்வளவு பொருத்தமான சொல் அன்று. சொல்லவில்லை.

இரண்டு படங்கள் இருந்தால் மண்டபத்தில் மாரீஸ்வரியின் படம் மேலேயும் எங்கள் படம் கீழேயும் வரும். அது யாருடைய குற்றமும் அன்று. எங்கள் குடும்பத்தில் அப்படித்தான் அமையும். ஒரே ஒரு படம் இருந்தால் அது மேலேதான் இருந்தாக வேண்டும். மாரீஸ்வரி மெலிந்தவள். விக்னேஸ்வரனையும் அவளையும் சேர்த்தால், அந்த எல்லைக்கும் அவர்களுக்கும் இடையே ஒரு கைக்குழந்தையின் எடைதான் இடைவெளி என்று என் மனம் கணக்கிட்டது. பயணத்துக்கு மூன்று மாதம் இருந்தது.

என் கணவர் சுந்தரபாண்டியன் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் மேற்பார்வையாளர். விக்னேஸ்வரன் மருத்துவமனைகளுக்குக் கட்டுத்துணி நெய்து அனுப்பும் பட்டறையை அதே சாலையில் நடத்துகிறார். நாள்தோறும் காலையில் சூடான பொட்டலம் ஒன்றை என் கணவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

"தெனமுமா?" என்றார் அவர்.

"பஞ்சுத் தூசியில நிக்கிற மனுசன். பால் சாமான் நெஞ்சுக்கு நல்லது."

அவர் அதற்கு மேல் கேட்பவர் அல்லர். எதற்காகக் கொண்டுபோகிறோம் என்று அறியாமலேயே கொண்டுபோனார். அவருக்கு இதில் பங்கில்லை. விக்னேஸ்வரன் மதியம் தொலைபேசியில் அழைப்பார்.

"மதினி, இன்னைக்கு அடி கொஞ்சம் முறுகலு. அமிர்தம். மாரீஸ்வரிட்ட மட்டும் மூச்சு விட்றாதிய."

"நான் எதுக்குத் தம்பி சொல்லுதேன்? நாளைக்குக் கூடக் கொஞ்சம் வைக்கட்டா?"

"நீங்க மதினி இல்ல, தெய்வம்."

இந்த இடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருப்பதாகவும், இனிப்பைத் தொடவே கூடாது என்றும் நீங்கள் எச்சரித்ததை மாரீஸ்வரி என்னிடம் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். அவள் சொன்னது முதல் பொட்டலத்துக்கு முந்தைய வாரம். விளிம்பு என்றால் இன்னும் உள்ளே விழவில்லை என்றுதானே பொருள்? தவிர, நான் யாருடைய வாயிலும் எதையும் திணிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தவர் அவர்.

என்னுடைய தவறு வேறிடத்தில் நேர்ந்தது. பதம் பார்க்காமல் ஒரு பொட்டலமும் கடையை விட்டு வெளியேறக் கூடாது என்பது என் மாமனார் காலத்து ஒழுங்கு. ஒவ்வொரு சட்டியிலும் முதல் வாய் கிண்டியவருக்கு உரியது. விக்னேஸ்வரனுக்கென்று கூடுதலாக ஒரு சட்டி ஏறியதால் எனக்கும் கூடுதலாக ஒரு வாய் சேர்ந்தது. சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சுரண்டல், டாக்டரம்மா, விற்பனைக்கு உரியது அன்று. எறிவதற்கும் மனம் வராது. எங்கள் வீட்டில் எடை பார்க்கும் கருவி இல்லை. கடைத் தராசில் பால்கோவா மட்டுமே நிறுக்கப்படும்.

காயலை அடைந்த அன்று வெயில் இதமாக இருந்தது. எடை மேடை, விக்னேஸ்வரனின் பட்டறையில் துணிப் பொதிகளை நிறுக்கும் மேடையைப் போலவே இருந்தது. அவர் அதைக் கண்டு, "நம்ம தொழில் இங்கயும் வந்திருச்சு சகலை" என்று என் கணவரிடம் சொல்லிச் சிரித்தபடி மாரீஸ்வரியுடன் ஏறினார். மேடை கூவியது. சிவப்பு விளக்கு எரிந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு ஏறினார்கள், கூவியது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்கள், மறுபடியும் கூவியது.

"என்ன மாமா, பொதி கூடிருச்சோ?" என்றார் ஆபித்.

மாரீஸ்வரியின் முகம் வாடியது. அதற்கென்றே எடுத்த பச்சைப் புடவையைக் கட்டியிருந்தாள். "நான் வேணும்னா மூச்சை இழுத்துப் புடிச்சுக்கிடட்டுமா?" என்று ஸ்கூட்டர்காரரைக் கேட்டாள். எனக்கு வருத்தமாகவே இருந்தது. வருத்தத்துடன் என் கணவரின் கையைப் பற்றிக்கொண்டு மேடையில் ஏறினேன்.

மேடை கூவியது.

எந்திரம் பழுதடைந்திருக்கலாம் என்று நான் எடுத்துரைத்தேன். ஸ்கூட்டர்காரர் என் கணவரைக் கீழே இறங்கச் சொல்லி, என்னை மட்டும் நிறுத்தி, எண்ணைப் பார்த்தார். எந்திரத்தில் பழுதில்லை என்று மிகுந்த மரியாதையுடன் தெரிவித்தார். அந்த எண்ணை நான் இங்கே குறிப்பிட வேண்டிய அவசியம் இல்லை.

ஆபித்தின் ட்ரோன் அதற்குள் மேலே எழுந்து வண்டைப் போல் இரைந்துகொண்டிருந்தது. மேகம் கூடி வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. விக்னேஸ்வரன்தான் வழி சொன்னார்.

"கட்டுன காசை அவிய திருப்பித் தரப்போறதில்ல. ஒல்லி ரெண்டு பேரும் போகட்டும், குண்டு ரெண்டு பேரும் கரையில இருப்போம். மதினி, நீங்க என்ன சொல்லுதிய?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மறுப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இருந்த காரணம் சொல்லக்கூடியதாக இல்லை.

"தாராளமாப் போகட்டும்" என்றேன்.

என் கணவரும் என் தங்கையும் மேடையில் ஏறினார்கள். மேடை வாய் திறக்கவில்லை.

நான் இரு பைகளையும் நான்கு இணைச் செருப்புகளையும் வைத்துக்கொண்டு கரையில் நின்றேன். ஸ்கூட்டர் சீறிக்கொண்டு போய், நீரில் வெள்ளை நுரையால் ஓர் இதயத்தை வரைந்து, அதன் நடுவில் நின்றது. "அத்தான், கையை விரிங்க! அக்கா, சிரிங்க!" என்று ஆபித் ஒலிபெருக்கியில் கத்தினார். என் கணவர் கையை விரித்தார். நீர் தெறித்தபோது அவர் சிரித்தார். அவருக்கு அத்தனை பற்கள் இருக்கின்றன என்பதை ஆபித்தின் கையிலிருந்த திரையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

விக்னேஸ்வரன் என் அருகில் வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். காலையில் நான் கொடுத்தது. பாதி மீதம் இருந்தது.

"விடுங்க மதினி. செத்த வாயில போடுங்க, மனசு ஆறிரும்."

ஆறிப்போயிருந்தது. இருந்தாலும் உண்டேன். இருவரும் அந்த இதயம் கரைவதைப் பார்த்துக்கொண்டே காகிதத்தை வழித்து முடித்தோம்.

வெள்ளி விழா நாளில் மண்டபத்தின் பெரிய திரையில் அந்தப் படமே ஓடியது; வேறு படம் இல்லை. ஆபித் எழுத்துகளை முன்கூட்டியே அமைத்து வைத்திருந்ததால், என் கணவருக்கும் என் தங்கைக்கும் மேலே 'இருபத்தைந்து ஆண்டு இனிய இல்லறம்' என்ற வாசகம் பூக்களுடன் மலர்ந்தது. காவல் துறையிலிருந்து ஓய்வு பெற்ற காளிராஜ் மாமா முதல் வரிசையிலிருந்து எழுந்தார்.

"ஏலே சுந்தரபாண்டி, இம்புட்டு வருசம் கழிச்சுத்தான் ஜோடி பொருந்தியிருக்கு போலயே!"

மண்டபமே சிரித்தது. மாரீஸ்வரி என் தோளில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "போங்க மாமா, எங்கக்கா அடிக்கப் போறா" என்றாள். நானும் சிரித்தேன். நான் சிரிப்பதை ஆபித் படம் எடுத்திருக்கிறார். அதில் என் முன்னால் காளிராஜ் மாமாவின் கை இருக்கிறது.

இவ்வளவுதான் நடந்தது. உங்கள் நோயாளியின் இரத்தத்தில் இருப்பது என் கைப்பக்குவம். விழாவுக்கு மறுநாளே அவருக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். இனி அவரால் எனக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. நானும் காலையில் கம்பங்கூழ் குடிக்கிறேன். பதம் பார்ப்பதும் சட்டி சுரண்டுவதும் கடையில் வேலைக்கு இருக்கும் குருவம்மாளின் பொறுப்பாகிவிட்டன.

பொங்கல் விடுமுறையில் மறுபடியும் காயலுக்குப் போகிறோம். இம்முறை கேட்டவர் என் கணவர். வாய் திறந்து அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை, ஆகவே மகிழ்ந்தேன். "மாரீஸ்வரியும் வரட்டும், அது பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல" என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் மனத்தில் களங்கம் ஏதும் இல்லை. என் மனத்திலும் இல்லை.

நீங்கள் கதவைத் திறந்தால், பெஞ்சில் இருக்கும் மாரீஸ்வரியின் மடியில் ஒரு பொட்டலத்தைக் காண்பீர்கள். தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். ஒரு மாதமாக நாள்தோறும் அவளுக்குக் கொடுத்து வருகிறேன். அதற்கும் பயணத்துக்கும் தொடர்பு ஏதும் இல்லை. போன மாதம் நான் அவளை இங்கே அழைத்து வந்ததும், நீங்கள் இரத்தம் எடுத்துப் பார்த்துச் சர்க்கரை துளியும் இல்லை என்று சொன்னதும், இப்படி ஓர் அக்கா எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று என்னைப் புகழ்ந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் அப்படிச் சொன்ன பிறகுதான் முதல் பொட்டலத்தைக் கட்டினேன். கூடப் பிறந்தவள் ஆயிற்றே, டாக்டரம்மா. அந்த அக்கறைகூட எனக்கு இருக்காதா?