ஏழாம் அறைப் பியானோ

சனிக்கிழமை மதியங்களில்தான் எங்கள் கட்டடம் பார்க்க லட்சணமாக இருக்கும். நடைபாதையில் கூட்டம் இருக்காது, அறிவிப்புப் பலகையை நின்று படிக்கலாம், யாரும் குறுக்கே வந்து கையெழுத்துக் கேட்க மாட்டார்கள். விசாரணைக் குழுவில் இருக்கும் நீங்கள் மூன்று பேரும் முதலில் கேட்டதே, சனிக்கிழமைகளில் எனக்கு அங்கே என்ன வேலை என்றுதான். சொல்கிறேன். எதையும் மறைக்கும் உத்தேசம் இல்லை. எழுதிக்கொள்பவர் நிதானமாக எழுதட்டும்.

இசைக்கல்வித் துறையின் முதுநிலைப் படிப்புகளுக்குப் பத்தொன்பது வருடங்களாக நான்தான் பொறுப்பு. முதுகலையோ முனைவர் பட்டமோ, எதுவானாலும் என் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். வெளியாட்கள் வந்தால், இசைத் துறை இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று ஆச்சரியப்படுவார்கள். முதுநிலையில் யாரும் பாடுவதில்லை. பாட்டை எப்படிக் கற்பிப்பது என்பதை எப்படி ஆராய்வது என்று ஆராய்கிறோம். அதற்குச் சத்தம் தேவையில்லை. துறையில் மூன்று பியானோக்கள் உண்டு. ஒன்று அரங்க மேடையில் உறைக்குள் இருக்கிறது. பட்டமளிப்பு நாளில் உறையைத் துடைப்போம். இன்னொன்றின்மேல் ஆண்டறிக்கைகள் அடுக்கியிருக்கின்றன; மூடியைத் திறந்தால் எட்டு வருடச் சாதனைகள் சரிந்து விழும். வாசிக்கிற நிலையில் இருந்தது ஏழாம் அறைப் பியானோ ஒன்றுதான்.

ஏழு படி முறை என்னுடையது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழந்தை முதல் படியில் உட்காரக் கற்கிறது, இரண்டாவதில் கவனிக்க, மூன்றாவதில் மூச்சுவிட. இப்படியே முறையாகப் போய் ஏழாவது படியில் பாடுகிறது. ஏழாவது படிக்கான கையேடு இன்னும் தயாரிப்பில் இருக்கிறது. முதல் ஆறு படிகள் இருநூறு பள்ளிகளில் நடைமுறையில் இருக்கின்றன.

அந்த அம்மையார் பதினான்கு வருடம் சிறுவர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு, முப்பத்தொன்பதாவது வயதில் எங்களிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். துறையில் எல்லோரும் அவரைச் சுருதி டீச்சர் என்றுதான் கூப்பிட்டோம். அவர் காது அப்படி. நகலெடுக்கும் இயந்திரம் எந்தச் சுரத்தில் முனகுகிறது என்று போகிற போக்கில் சொல்வார். "லிஃப்ட் போன வாரத்தைவிடச் சுருதி இறங்கிச் சத்தம் போடுது, எண்ணெய் போடச் சொல்லுங்க" என்பார். மறுநாள் லிஃப்ட் நின்றுவிடும். கேட்ட மாத்திரத்தில் சுரத்தைச் சொல்லும் காது ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வாய்ப்பதில்லை. எனக்கு வாய்க்கவில்லை. அதில் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது. யாரும் கேட்காமல் நானாகவே சொல்கிறேனே, அதிலிருந்தே தெரியவில்லையா?

ஆய்வுத் தலைப்பை நான்தான் கொடுத்தேன். என் முறையைப் பின்பற்றும் பள்ளிகளில் சேரும் இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளை இரண்டு வருடம் கவனித்து, வளர்ச்சியை அளக்க வேண்டும். வளர்ச்சி இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மூன்றாம் வருடம் நான்காவது இயலைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார்.

"சார், இதை நீங்க உக்காந்து படிக்கணும்."

"படிக்கறேம்மா. சுருக்கமா என்ன வந்திருக்கு?"

"சேர்றப்ப நூத்தித் தொண்ணூறு பிள்ளைங்க விளையாட்டு நேரத்துல தானா பாடிட்டிருந்தாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு முப்பத்தோரு பேர். அதுலயும் பாதிப் பேர் எங்களைப் பார்த்தா வாயை மூடிக்கறாங்க."

"மத்தவங்க?"

"நல்லா உக்காந்திருக்காங்க சார்" என்றார்.

அதில் கேலி இல்லை. அவருக்குக் கேலி வராது.

இரவு முழுக்கக் கண்விழித்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நன்றாகத் தூங்கினேன். காலையில் இயலைப் படித்தேன். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை. நெறியாளருக்கு இருக்கும் நியாயமான வழிகளைத்தான் முதலில் பார்த்தேன். கோட்பாட்டுப் பின்புலம் போதாது என்றேன். மூன்று வாரத்தில் சேர்த்துவிட்டார். இன்னும் எண்பது மேற்கோள் நூல்கள் வேண்டும் என்றேன், தொண்ணூற்றிரண்டு கொண்டுவந்தார். 'பாடுதல்' என்ற சொல்லை மறுவரையறை செய்யச் சொன்னேன். "எப்படி சார்?" என்று கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. இப்படி ஒரு வருடம் ஓடியது. வழிகள் தீர்ந்துபோயின.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். அந்த ஆய்வேடு முழுவதும் ஒரே ஒரு கருவியை நம்பி நின்றது: அவர் காது. மைதானத்து இரைச்சலில் எந்தக் குழந்தை பாடுகிறது, எது வெறுமனே கத்துகிறது, பாடுகிற குழந்தை எந்தச் சுரத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக் குறித்தவர் அவர்தான். குறித்ததைப் பிறகு ஏழாம் அறையில் பியானோவோடும், தன் இசைக்கவையோடும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பார். தட்டினால் எப்போதும் ஒரே சுரத்தில் ஒலிக்கும் அந்தச் சிறு இரும்புக் கவையைப் பியானோ மூடியின்மேலேயே வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அறைச் சாவி இரண்டு. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம்.

படிக்கிற காலத்தில் ஒரு பியானோ கடையில் மூன்று வருடம் சுருதி சேர்க்கும் வேலை பார்த்திருக்கிறேன். கை மறக்கவில்லை. ஒரேயடியாகச் சுருதியை இறக்கினால் யாருக்கும் தெரிந்துவிடும். அதனால் சனிக்கிழமை மதியங்களில் திருகுசாவியோடு போய், இருநூற்றுச் சொச்சம் தந்திகளையும் ஒன்றுவிடாமல் மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினேன். இசைக்கவையின் கால்கள் சேரும் அடிப்பகுதியில் ஒவ்வொரு வாரமும் நாலே நாலு தடவை அரம் போட்டால் போதும், அதுவும் அதே அளவு இறங்கிவிடும். தேய்த்த இடத்தைத் துணியால் மெருகேற்றிவிடுவேன். முப்பத்து நான்கு சனிக்கிழமைகள். ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளியில் சரிபாதி இறங்கியது. வேறு எந்த வேலையையும் நான் இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை.

ஏழாவது வாரம் வந்து நின்றார்.

"சார், பியானோ இறங்கியிருக்கு."

"கவையைத் தட்டிப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ரெண்டும் ஒத்துத்தான் போகுது."

"அப்புறம் என்னம்மா?"

உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"ஃபோன்ல ஒரு செயலி இருக்கு சார். அதுல பார்த்தா வேற மாதிரி காட்டுது."

"ஃபோனை நம்பி யாராவது ஆராய்ச்சி பண்ணுவாங்களா? இரும்பு பொய் சொல்லாது. கவையைத் தட்டி, அதுக்கு ஏத்த மாதிரி ஃபோனைத் திருத்தி வெச்சுக்கோங்க."

திருத்தி வைத்துக்கொண்டார். அதன் பிறகு வாராவாரம் அவரேதான் திருத்தினார். ஃபோனை நான் கையால்கூடத் தொடவில்லை. இதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

வயதாகும்போது சிலருக்குக் காது சுரங்களை அளக்கும் அளவுகோல் மெல்ல இடம் மாறும் என்று அவரிடம் சொன்னேன். அது உண்மைதான், ஆய்வுக் கட்டுரைகளையும் கொடுத்தேன். என்னிடம் படித்த பதினாறு பேரில், நான் கொடுத்த கட்டுரைகளை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். படித்துவிட்டுத் தன் காதைத் திருத்தத் தொடங்கினார். எதைக் கேட்டாலும் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக் கூட்டிச் சொல்வார்.

ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்துக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். கலகலப்பான ஆள். சுருதி டீச்சரின் காதைப் பற்றிக் கேள்விப்பட்டு, தன் பையிலிருந்து ஒரு சின்ன மின்விசைப்பலகையை எடுத்து, விளையாட்டாக ஒரு கட்டையை அழுத்தினார். "இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்."

சுருதி டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். கேட்டதை அப்படியே சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். கேட்டதைத் திருத்திச் சொன்னார். பேராசிரியர் இன்னொன்றை அழுத்தினார். அதுவும் தப்பு. மூன்றாவதை அவர் அழுத்தவில்லை, நல்ல மனுஷர். விசைப்பலகையைப் பைக்குள் வைத்துவிட்டு மேற்கோள் நூல்பட்டியலைப் பாராட்டிப் பேசினார்.

கூட்டம் முடிந்ததும், இத்தனை ஒலிப்பதிவுகளையும் இந்தக் காதால்தானே குறித்தார் என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். பெருமூச்சு மட்டும் விட்டேன்.

காது மருத்துவரிடம் நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் சோதித்தார்கள். மருத்துவர் இளம்பெண். தாளைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "உங்க காதுல ஒரு குறையும் இல்லைங்க. என் காதைவிட நல்லா இருக்கு."

சுருதி டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "காதுல இல்லைன்னா வேற எங்க சார்?"

"பயப்படாதீங்கம்மா. எங்க இருந்தாலும் கண்டுபிடிச்சிடலாம்" என்றேன்.

அந்த மாதம் அவர் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "நீங்க கூட நிக்கறதாலதான் சார் இவ தாங்கறா" என்றார். பிறகு, "எங்க பொண்ணு குளிக்கறப்ப பாடுவா சார், ஒன்பது வயசு. இவ போய்க் கதவைத் தட்டி, நிறுத்துடி, நீ பாடறது சரியா தப்பான்னே எனக்குத் தெரியலைன்னு அழறா. இப்ப பொண்ணும் பாடறதில்ல" என்றார். ஆறுதல் சொன்னேன். அது என் உள்ளத்திலிருந்து வந்த ஆறுதல்.

ஆய்வைக் கைவிடுவதற்கான படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அவர் 'தகுதியின்மை' என்று எழுதியிருந்தார். எனக்கு அது உறுத்தியது. அடித்துவிட்டு 'சொந்தக் காரணங்கள்' என்று நானே எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் ஒலிப்பதிவுகளும் நம்பகத்தன்மையற்ற தரவுகள் என்று விதிப்படி அழிக்கப்பட்டன.

அத்தோடு முடிந்திருக்கும். வருடாந்திர வேலைக்கு வந்த பியானோ சுருதிக்காரர்தான் அலுவலகத்துக்குப் போய், "இது தானா இறங்கினது இல்லைங்க. யாரோ இறக்கியிருக்காங்க. கை பழகின ஆளு" என்று சொன்னார். பெயருக்கு இந்த விசாரணைக் குழுவை அமைத்தார்களே தவிர, அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. நீங்கள் தயாரித்த முதல் அறிக்கையில், ஈரப்பதத்தாலும் சுருதிக்காரரின் கவனக்குறைவாலும் தந்திகள் சீரற்ற முறையில் தளர்ந்துள்ளன என்றும், அவரை வேலையிலிருந்து நீக்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள்.

அதனால்தான் நானாகவே வந்தேன். ஒரு அப்பாவியின் பிழைப்பில் மண் விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதோடு 'சீரற்ற' என்ற சொல்லை நீக்கிவிடுங்கள். எண்பத்தெட்டுக் கட்டைகளும் ஒரே அளவு இறங்கியிருந்தன. வேண்டுமானால் அந்தச் சுருதிக்காரரையே கேட்டுப் பாருங்கள்.

ஆக, பியானோவை இறக்கியது நான். கவையைத் தேய்த்ததும் நான். சுருதி டீச்சர் தன் காதையே நம்பாதபடி செய்ததும் நான்தான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

இதையெல்லாம் அவரிடம் தெரிவிக்கப்போவதாகச் சொல்கிறீர்கள். அது மட்டும் வேண்டாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். போன மாதம் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஒரு மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறார். மகள் மூலையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு சத்தம் இல்லை. "இப்ப நிம்மதியா இருக்கேன் சார். எதையும் காதுல வாங்கிக்கறதில்ல" என்றார். மகளும் தலையை நிமிர்த்தாமல், முதுகை நேராக வைத்து, மிக நன்றாக உட்கார்ந்திருந்தாள்.

இந்த நிம்மதியைக் கெடுக்க உங்களுக்கு எப்படி மனசு வருகிறது என்று எனக்குப் புரியவில்லை.