மஞ்சள் கோட்டுக்கு முந்தைய அரை நிமிடம்

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளின் தலைப்பில் காவல் நிலைய எழுத்தரால் எழுதப்பட்டிருக்கின்றன. தொழில் வட்டாரத்தில் அந்தப் பெயர் யாருக்கும் தெரியாது, "மறுபடி" என்றால்தான் தெரியும். வயது ஐம்பத்திரண்டு. தொழில், கார்களுக்கு டயர் மாற்றுவதும் வீலைக் கழற்றிச் சோதித்துப் பூட்டுவதும். இருப்பிடம், பேருந்துப் பணிமனைக்குப் பின் தெருவில் என் சொந்தக் கடைக்கு மேல்மாடி. எழுதப் படிக்கத் தெரியும். யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இங்கே வரவில்லை. காலை பத்து மணிக்கு நானாகவே நடந்து வந்தேன்.

பட்டப்பெயர் வந்த காரணம் கேட்கப்பட்டதால் சொல்கிறேன். எந்தக் காரை இறக்கினாலும் "மறுபடி ஒரு தடவ பாத்துடுவோம்" என்பது என் வாய்வழக்கம். பக்கத்துக் கடை பேட்டரிக்காரர்தான் முதலில் அப்படிக் கூப்பிட்டார், அதன் பிறகு தெருவே பிடித்துக்கொண்டது. என் மனைவியும் மனம் சந்தோஷமாக இருக்கும் நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவாள். எனக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமை உண்டு என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். "இது வழக்குக்குத் தேவையா?" என்று எழுத்தர் கேட்டார். தேவை என்றேன்.

கார் வீல் கழன்று ஓடிய இந்த வழக்கில் என் மனைவி ஒருத்தி மீது மட்டும்தான் குற்றம் பதிவாகியிருக்கிறது. அவள் நேற்றுக் கொடுத்த வாக்குமூலத்தை அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். "நட்டு மேல கோடு போட்டது நான். இறுக்கம் பாக்காம போட்டேன். என் வீட்டுக்காரருக்கு இதுல சம்பந்தம் இல்ல" என்று அதில் இருக்கிறது. முதல் இரண்டும் உண்மை. மூன்றாவது உண்மை இல்லை. அவள் என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லியிருக்கிறாள். என் தப்புக்கு அவள் கோர்ட்டில் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதைத் திருத்தவே வந்தேன்.

கடையில் நாங்கள் இருவர்தான். இருபத்தோரு வருடமாக ஒரே முறையில் வேலை செய்கிறோம். கார் உள்ளே வந்ததும் கைப் பிரேக்கைப் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திய பிறகு ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் ஸ்டாண்டும் வைப்போம். அதன் பிறகு வீலைக் கழற்றி, டயரின் பட்டன், அதாவது தரையில் பதியும் மேடுகள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது, தேய்மானம் ஒரே சீராக இருக்கிறதா, பக்கச் சுவரில் வெடிப்போ வீக்கமோ உண்டா, வால்வில் காற்றுக் கசிகிறதா என்று பார்ப்போம். வீல் உட்காரும் இடத்தில் துரு இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுப்போம், ஏனென்றால் துருவின் மேல் உட்கார்ந்த வீல் துரு உதிர்ந்ததும் ஆட ஆரம்பிக்கும். அதன் பிறகு ஐந்து நட்டுகளையும் விரலால் ஓட்டி, வரிசையாக இல்லாமல் எதிரெதிராக மாற்றி மாற்றிக் கைச் சாவியால் பிடிக்கவிட்டு, காரைத் தரையில் இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச் என்னும் நீளச் சாவியால் முறுக்குவோம். காருக்கு உரிய அளவை அதில் வைத்துவிட்டால், இறுக்கம் அந்த அளவைத் தொட்டதும் 'டக்' என்று சத்தம் வரும். சத்தம் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். பலம் இருக்கிறதென்று சாவி மேல் ஏறி மிதிப்பவர்களும் உண்டு, போல்ட்டைக் கெடுப்பது அவர்கள்தான்.

இதுவரை என் வேலை. இதற்கு மேல் அவள் வேலை. நான் முறுக்கி முடித்ததும் ரெஞ்சை வீலுக்கு முன்னால் தரையில் வைப்பேன். முடித்துவிட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். அவள் அதை எடுத்து ஐந்து நட்டிலும் வைத்து அழுத்துவாள். நட்டு நகராமலேயே 'டக்' கேட்டால் சரி. அதன் பிறகு நட்டிலிருந்து வீல் வரைக்கும் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு, ரெஞ்சைச் சுவர் ஆணியில் மாட்டுவாள். நட்டு தளர்ந்தால் கோடு இரண்டாக விலகும், ஓட்டுபவர் நட்டுகளை மூடும் வீல் கப்பைக் கழற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். "நீங்க இறுக்கினத நீங்களே பாத்தா உங்களுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும், நான் பாக்குறேன்" என்று கடை திறந்த முதல் வாரத்திலேயே அவள் கொண்டுவந்த முறை இது. ஒரு வீலுக்கு அரை நிமிடம் ஆகும்.

சம்பவத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு வாடகைக் காருக்கு நான் நான்கு வீலும் பூட்டினேன். அதன் பிறகு அவள் சரிபார்க்கும்போது ஒரு நட்டு கால் சுற்று நகர்ந்த பிறகுதான் சத்தம் கொடுத்தது. கடையில் அப்போது நான்கைந்து பேர் இருந்தார்கள். அவள் விளையாட்டாகத்தான், "என்ன மறுபடி, இது கால் சுத்து போகுதே!" என்றாள். கார்க்காரர் உடனே, "மறுபடிக்கே மறுபடியா அண்ணே!" என்றார். பேட்டரிக்காரர் சிரித்த சிரிப்பு பணிமனை வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எல்லோரும் போன பிறகு கோபத்தில் அவளிடம் ஏதோ சொல்லிவிட்டு மாடிக்குப் போனேன்.

அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. ஒரே வீடு, ஒரே கடை, ஒரே அடுப்பு, பேச்சு மட்டும் இல்லை. சாப்பாடு தயாரானால் கம்ப்ரசரைப் பார்த்து, "ஆறுது" என்பாள். நானும் கம்ப்ரசரைப் பார்த்து, "வர்றேன்" என்பேன். வேலை மட்டும் பழைய முறைப்படியே நடந்தது. நான் ரெஞ்சை வைப்பேன், அவள் எடுத்துச் சரிபார்ப்பாள், கோடு போடுவாள், ஆணியில் மாட்டுவாள். ஒன்பது நாள் ஒரு வார்த்தைகூட இல்லாமல் இப்படியே போயிற்று.

சம்பவத்துக்கு முதல் நாள் காலை பதினோரு மணிக்குத் தையல்காரம்மா தன் சிறிய நீல நிறக் காரைக் கொண்டுவந்தார். முன்பக்க டயர் இரண்டையும் மாற்றச் சொன்னார். எட்டு வருடமாக எங்களிடம்தான் வருகிறார், என் மகளின் பள்ளிச் சீருடை எல்லாம் அவர் தைத்ததுதான். முன் வலது வீலை முறைப்படி பூட்டி முறுக்கினேன். அதன் பிறகு முன் இடது வீலைப் பூட்டி, கைச் சாவியால் பிடிக்கவிட்டு, காரை இறக்கி, ரெஞ்சைக் கையில் எடுத்தேன். அப்போது தையல்காரம்மா பின்பக்கம் நின்றுகொண்டு, "அண்ணே, இந்த டயர்ல என்ன கொப்புளம் மாதிரி இருக்கு?" என்று கூப்பிட்டார்.

நான் ரெஞ்சை வீலுக்கு முன்னால் தரையில் வைத்துவிட்டு அங்கே போனேன். பின் வலது டயரின் பக்கச் சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம் இருந்தது. உள்ளே நூல் அறுந்தால்தான் அப்படி வீங்கும். அதோடு வேகமாகப் போனால் டயர் வெடித்துவிடும் என்று சொல்லி, ஸ்டெப்னியை எடுத்து அங்கே கைச் சாவியால் மாட்டி, வீங்கிய டயரைத் தனியாக வைத்தேன். டயர் தயாரான வாரமும் வருடமும் பொறித்திருக்கும் நான்கு இலக்க எண்ணை எப்படிப் படிப்பது, குழியில் இறங்கினால் எங்கே பார்ப்பது என்று பத்து நிமிடம் விளக்கினேன். அந்தம்மா கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு பெரிய ஆபத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த நிறைவில் நான் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

திரும்பி வந்தபோது முன் இடது வீலின் ஐந்து நட்டிலும் மஞ்சள் கோடு இருந்தது. கோட்டைப் பார்த்ததும் அவள் சரிபார்த்துவிட்டாள் என்று நினைத்தேன். அதன் பிறகு வீல் கப்பை மாட்டினேன். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு வந்து ஒருமுறை இறுக்கம் பார்த்துக்கொள்ளும்படி எல்லோரிடமும் சொல்வதுபோல அவரிடமும் சொல்லி அனுப்பினேன். முன் இடது வீலின் நட்டு ஐந்தும் கைச் சாவிப் பிடிப்பில்தான் இருந்தன, ரெஞ்ச் அவற்றைத் தொடவே இல்லை.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு சுற்றுச்சாலையில் அந்த வீல் கழன்றது. கார் தரையை உரசிக்கொண்டு போய் நடுச்சுவரில் மோதியது. கழன்ற வீல் தனியாக உருண்டு சாலை ஓரத்துக்குப் போய், பேருந்து நிறுத்தக் கூரைக்குள் புகுந்து பெஞ்சை இரண்டாக உடைத்தது. சற்று முன்புதான் ஒரு பேருந்து வந்து அங்கே உட்கார்ந்திருந்தவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. நான் அந்தப் பெஞ்சைப் போய்ப் பார்த்தேன். ஆறு பேர் உட்காரும் பெஞ்சு.

தையல்காரம்மாவின் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. கத்தரிக்கோல் பிடிக்கும் கை அது. மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சத்தம் வந்துச்சு அண்ணே. நிறுத்தலாமான்னு யோசிச்சேன். உங்க கடைல பூட்டின வீலாச்சேன்னு ஓட்டிட்டே போயிட்டேன்" என்றார். வாங்கிப் போன பழத்தைக் கட்டில் ஓரம் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

வீல் கப்புக்குள் கிடந்ததாக அதிகாரி இரண்டு நட்டுகளைக் காட்டினார். அவை நான் பூட்டியவைதான். அவற்றின் மேல் இருக்கும் கோடு என் மனைவி போட்டதுதான். ஆனால் எப்போதும் நிறுத்தி நிதானமாகப் போடுவாள், இது இழுத்துவிட்ட கோடு. "ஒன்பது நாளும் சரிபார்த்தவர் அன்று மட்டும் ஏன் பார்க்கவில்லை?" என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

இதுவரை எழுதியதை எழுத்தர் எனக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போடுவதற்கு முன்னால் இதை என் மனைவி ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பக்கத்து அறையில்தான் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள், அவள் இருமுவது எனக்குக் கேட்கிறது. கையெழுத்தாகாத வாக்குமூலத்தை அதே வழக்கில் இன்னொருவருக்குக் காட்ட விதியில் இடமில்லை என்று அதிகாரி சொன்னார். அதன் பிறகு, "நீங்களே மறுபடி ஒரு தடவ படிச்சுப் பாருங்க" என்றார். அவர் என் பட்டப்பெயரை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. தாள்களை வாங்கி, அவள் நட்டு நட்டாகப் பார்ப்பதுபோல வரி வரியாகப் படித்தேன். இரண்டு இடம் தளர்வாக இருந்தது. அடித்துவிட்டு, கீழ்க்கண்டவாறு எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

ஒன்று. அன்று மட்டும் அவள் ஏன் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அன்று காலை ஷட்டரைத் தூக்கும்போது ஒன்பது நாளில் முதல் முறையாக நான்தான் பேசினேன். சண்டையன்று கோபத்தில் சொன்னதையே மறுபடி சொன்னேன். "கோட்ட மட்டும் போடு. இனிமே என் வேலைய நீ தொட்டுப் பாக்காத" என்றேன். அவள் கையில் இருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "நிஜமாத்தான் சொல்றீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இதை அவள் தன் வாக்குமூலத்தில் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் விட்டதால் நானும் விட்டுவிடலாம் என்று பார்த்தேன்.

இரண்டு. கோட்டைப் பார்த்ததும் அவள் சரிபார்த்துவிட்டாள் என்று நினைத்ததாகச் சொன்னது பொய். ரெஞ்ச் நான் வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே கிடந்தது. அதை எடுக்காமல் அவளால் சரிபார்த்திருக்க முடியாது. அதைப் பார்த்தேன். அந்த வீலை முறுக்கினேனா இல்லையா என்று எனக்கும் ஒரு கணம் சந்தேகம் தட்டியது. ஐந்து நட்டில் வைத்து அழுத்தினால் தெரிந்திருக்கும், அரை நிமிட வேலை. ஆனால் அவள் பத்தடி தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் முன்னால் என் வேலையை நானே சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. ஒருவழியாக அவள் என் சொல்லைக் கேட்டுவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரெஞ்சைத் தரையிலிருந்து எடுத்து, பின்னால் மாட்டிய ஸ்டெப்னியை மட்டும் முறுக்கிவிட்டு, ஆணியில் மாட்டியது நான்தான்.

அடித்த இரண்டு வரிகளின் ஓரத்திலும் என் சுருக்கொப்பம் இருக்கிறது. ஆறு தாள்களையும் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். முதல் முறை இது முழு உண்மையாக இல்லை, இரண்டாம் முறை திருத்திய பிறகு இருக்கிறது. என் மனைவி இதைச் சரிபார்க்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளச் சொல்லி, அதை அறிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)